ஆறாவது கொக்கி

"மூச்சை வெளிய விடுக்கா! முழுசா விடு! இன்னும் விடு!"

தமிழ்ச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஐந்து கொக்கிகள் மாட்டியாகிவிட்டன. ஆறாவது, முதுகின் நடுவே, ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

ஸ்வர்ணலதா இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றியிருந்தாள். தலைக்கு மேலே கடிகாரம். பத்து முப்பத்தைந்து. பதினொரு மணிக்குப் போனில் புடவை லைவ்.

"பிஞ்சிடப் போவுதுடி."

"பிஞ்சா தெச்சிக்கலாம். வயித்த எக்காத, அதான் தப்பு. நான் சொல்லிக்குடுத்த மாதிரி விடு. விலா எலும்பு கீழ எறங்கணும். ஆங்… அப்டித்தான்… பேசாத!"

ஸ்வர்ணா விட்டாள். அடிவயிற்றிலிருந்து, கடைசிச் சொட்டு வரை விட்டாள்.

டக்.

"மாட்டிகிச்சு!" தமிழ்ச்செல்வி கைதட்டினாள். "எக்காவ், மாட்டிகிச்சு! திரும்பு, பாப்போம்!"

ஸ்வர்ணா திரும்பவில்லை. ஜிம்மின் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். தோள்கள் குலுங்கின.

"இன்னாக்கா? முதுகு பிடிச்சிகிச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அழுவுற?"

"ஒண்ணும் இல்லடி. நீ ஜல்தியா வண்டிய எடு."

பதினைந்து மாதமாகப் போட முடியாத ப்ளவுஸ் அது. அரக்கு நிறம், முதுகில் கொக்கி, கையில் சரிகை. ஆறு கொக்கியும் மாட்டினால்தான் அவள் வாழ்க்கை அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அப்படி ஒரு நிபந்தனை. போட்டவன் அவள் புருஷன் ஹேமநாத்.

*

நெசவுக் குடும்பத்துப் பெண் ஸ்வர்ணா. அப்பா பச்சையப்பன் இன்றைக்கும் தறியில் உட்காருகிறவர். ஹேமநாத் நெய்வதில்லை. வாங்கி விற்பவன். கடை வைக்க வசதி இல்லாத காலத்தில், வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் போனை நூலால் கட்டி, "வணக்கம்ங்க, ஆரணியிலேர்ந்து பேசறோம்" என்று ஆரம்பித்தான். முதல் லைவை ஏழு பேர் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் ஸ்வர்ணாவின் சித்தி பெண்கள்.

புடவையைக் கட்டிக் காட்டியது ஸ்வர்ணா. வேறு யாரை வைத்துக்கொள்வது? ஆனால் ஒரே வருடத்தில் சேலத்திலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருந்த பெண்கள் புடவைக்காக வந்தார்களா, ஸ்வர்ணாவைப் பார்க்க வந்தார்களா என்று தெரியாத நிலை வந்துவிட்டது. முந்தானையை அவள் தோளில் வீசினால் போதும், கீழே இதயங்களாக மிதக்கும். "எங்க வீட்டு மகாலட்சுமி கட்டிகினு நிக்கறாங்க பாருங்க" என்பான் ஹேமநாத். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் குழையும். கல்யாணமாகிப் பதினோரு வருடம். குழந்தை இல்லை. அந்தக் குழைவுக்காகவே அவள் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் நின்றாள்.

போன வருடம் ஆனி மாதம். பார்சல் மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு களம்பூர் சாலையில் போனாள். லாரியிலிருந்து சிந்திய நெல் ரோடெல்லாம் கிடந்தது. வண்டி சறுக்கியது. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. வேலூரில் ஆஸ்பத்திரி. மூன்று நாள் நினைவில்லை. கண் விழித்தபோது ஹேமநாத் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, தாடியும் அழுக்குமாக உட்கார்ந்திருந்தான். "போயிட்டேன்னு நெனச்சேன் ஸ்வர்ணா" என்று குழந்தை மாதிரி அழுதான்.

பதினான்கு வாரம் படுக்கை. தலைக்குக் குளிப்பாட்டியது அவன். மலம் எடுத்துப் போட்டது அவன். அதையெல்லாம் ஸ்வர்ணா மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் அவள் கஷ்டம்.

எழுந்து நின்றபோது பதினாறு கிலோ ஏறியிருந்தது. அதற்குள் ஹேமநாத் கடைத்தெருவில் இடம் பிடித்திருந்தான். கீழே சரக்கு, மாடியில் லைவ். பேஜும் புதுசு. பழைய பேஜை எவனோ ஹேக் பண்ணிவிட்டான் என்றான். மாடிக்கு இருபத்தாறு படி, ஏணி மாதிரி செங்குத்து. படி ஏறவே கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். அந்த மாடியை ஸ்வர்ணா பார்த்ததே இல்லை.

அங்கே அவள் இடத்தில் ஜெயப்ரியா நின்றாள். இருபத்திரண்டு வயது. ஒரே ஒரு நாள், அடுத்த வீட்டுப் பெண் போனில் அந்த லைவை வைத்தாள். ஜெயப்ரியா தோளில் முந்தானையை வீசியதுதான் தாமதம், ஸ்வர்ணா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இனி நானே போய் நிற்கிற அன்றைக்குத்தான் இந்தக் கருமத்தைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். அவள் அப்பன் வீட்டுப் பிடிவாதம். புதுப் பேஜ் சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. ஊரிலும் வேறு யாரும் பார்ப்பதில்லை. ஆரணியில் இருந்துகொண்டு ஆரணிப் புடவையைப் போனில் எவள் வாங்குவாள்?

தை மாதத்தில் ஒரு நாள் ஹேமநாத்திடம் கேட்டேவிட்டாள்.

"இன்னாங்க, நான் எப்போ வந்து நிக்கறது?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உடம்பு தேறட்டும் ஸ்வர்ணா."

"தேறிடுச்சே. நடக்கறேன், சமைக்கறேன்."

"அதில்ல… கஸ்டமருங்க ஒரு மாதிரி எதிர்பாக்கறாங்க. ஸ்லிம்மா, டோனா… இப்போல்லாம் அப்டித்தான்." எழுந்து கை கழுவப் போனான். அங்கிருந்தே சொன்னான். "அந்த அரக்கு ப்ளவுஸ் இருக்குது இல்ல? அது என்னிக்கு உனக்குக் கொக்கி மாட்டுதோ, அன்னிக்கே வந்து நில்லு. நானே ஜெயப்ரியாகிட்ட சொல்லிடறேன்."

அன்று இரவு அந்த ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தாள். ஒரு கொக்கிகூட எட்டவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கண்ணாடி முன்னால் நின்று, புறங்கையை வாயில் வைத்து, சத்தமில்லாமல் அழுதாள். மறுநாள் காலை தமிழ்ச்செல்வியைத் தேடிப் போனாள்.

*

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய பவர்லூம் ஷெட். மெஷின்கள் போய், போல்ட் அடித்த ஓட்டைகள் மட்டும் தரையில் மிச்சம். அதில் ரப்பர் பாய் விரித்து, காலை வேளை பெண்களுக்கு மட்டும் என்று ஜிம் நடத்தினாள் தமிழ்ச்செல்வி. தெள்ளார் பக்கத்து ஊர்க்காரி. கபடியில் முட்டி போய், அதைத் தானே சரிசெய்துகொண்டவள். வயது இருபத்தாறு, வாய் அறுபது.

டாக்டர் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"நசுங்கின எலும்பு கூடிடுச்சுன்னு எழுதிக்கீறார். ஒடற்பயிற்சி செய்யலாம், குனிஞ்சு வெயிட் தூக்கக் கூடாது. சரி. இன்னாக்கா வேணும் ஒனக்கு?"

"டோன் ஆவணும்."

"எதுக்கு?"

ஸ்வர்ணா பையிலிருந்து ப்ளவுஸை எடுத்துக் காட்டினாள்.

தமிழ்ச்செல்வி ப்ளவுஸைப் பார்த்தாள், ஸ்வர்ணாவைப் பார்த்தாள், மறுபடி ப்ளவுஸைப் பார்த்தாள். "ஒண்ணு பண்ணலாம். டெய்லர்கிட்ட குடுத்தா அரை மணி நேர வேலை."

ஸ்வர்ணா சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வியும் அதற்கப்புறம் அந்த ஜோக்கை அடிக்கவில்லை.

முதல் மூன்று வாரம் படுத்து மூச்சு விடுவதுதான் பயிற்சி. மல்லாந்து படுத்து, முட்டியை மடித்து, இடுப்பை மட்டும் தூக்கி இறக்குவது. பிறகு நாலு காலில் நின்று ஒரு கையும் எதிர்க் காலும் நீட்டுவது. அதற்குப் பேர் பேர்ட் டாக் என்றாள் தமிழ்ச்செல்வி. "குருவியும் நாயும் ஒண்ணா சேந்தா இன்னாடி அது?" என்றாள் ஸ்வர்ணா. பிறகு விளக்குமாற்றுக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடித்துக் குனிவது. தலை, முதுகு, பின்பக்கம் மூன்றும் கட்டையை விட்டு விலகக் கூடாது.

"இடுப்ப மடக்கு, முதுக மடக்காத. லைவ்ல நீ எத்தினி தபா குனிவே?"

"நாப்பது புடவை காட்டணும். நாப்பது தபா."

"அப்போ நாப்பது தபாவும் இப்டித்தான் குனியணும். மறந்தியோ, மறுபடி பெட்டுதான்."

ஆறாவது வாரம் இரண்டு கொக்கிகள் மாட்டின. ஏழாவது வாரம் குளியலறையில் கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். நிமிர முடியவில்லை. உட்கார முடியவில்லை. முதுகில் யாரோ ஆணி அடித்து மாட்டிவிட்ட மாதிரி. ஹேமநாத் கதவை உடைத்துத் தூக்கிவந்து போட்டான்.

தமிழ்ச்செல்வி ஓடிவந்தாள். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, போலீஸ் மாதிரி விசாரித்தாள்.

"நான் குடுத்தத விட அதிகமா எதுனா செஞ்சியா?"

"இல்ல. நீ சொன்னதுதான். ஜிம்முல ஒரு தபா, வீட்ல சாயங்காலம் ஒரு தபா."

"தெனமுமா?"

"ஆமா."

"லீவு நாள் எடுக்கணும்னு சொன்னேனே?"

"எடுத்தேனே."

"எப்போ?"

"அமாவாசைக்கு."

தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தவள் மூடவில்லை. "மாசத்துக்கு ஒரு நாளா?"

"எங்கப்பா தறிக்கு அன்னிக்குத்தான் லீவு. தெருவுக்கே அன்னிக்குத்தான். லீவுன்னா எங்களுக்கு அமாவாசைதான்டி. வேற எந்த நாள்ல போய் சும்மா ஒக்காருவாங்க?"

"நீ இன்னா தறியாக்கா?" தமிழ்ச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "நூலும் கட்டையுமா நீ? ஒடம்புக்கா! வேலை செய்யறப்ப சதை வளராது. அடங்கிக் கெடக்கறப்பதான் வளரும். அய்யோ, ஒன்ன கட்டிகினு நான் படற பேஜாரு இருக்குதே…"

ஒரு மாதம் போயிற்று. ஆடி லைவில் நின்றுவிடலாம் என்று போட்டிருந்த கணக்கு போயிற்று. மாட்டிய இரண்டு கொக்கிகளும் போயின.

அந்த ஒரு மாதமும் ஹேமநாத் பழைய ஹேமநாத்தாக இருந்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். "உட்டுடு ஸ்வர்ணா. எதுக்கு இந்த வம்பு? நீ நல்லா இருந்தா போதும் எனக்கு" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இவனுக்காகவாவது அந்தக் கொக்கியை மாட்டியே தீரவேண்டும் என்று அன்றைக்குத்தான் சபதமே போட்டாள்.

திரும்பப் போனபோது தமிழ்ச்செல்வி புதுச் சட்டம் போட்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் உடம்புக்கு லீவு, வீட்டில் விரலைக்கூட ஆட்டக்கூடாது. அமாவாசைக்கு லீவு கிடையாது, மரியாதையாக ஜிம்முக்கு வந்துவிட வேண்டும்.

பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. தோள் நிமிர்ந்தது. இடுப்பில் ஒரு வளைவு தெரிந்தது. கையில் நாலு கிலோ டம்பெல்லோடு ஷெட்டை இருபது சுற்று நடந்தாள். வீட்டுக்குத் தெரியாமல் மரப்பெட்டி மீது படி ஏறிப் பழகினாள். ஆவணியில் மூன்று கொக்கி. புரட்டாசி பிறந்ததும் ஐந்து.

வீட்டில் மூச்சு விடவில்லை. ஒருநாள் ராத்திரி ஹேமநாத் தானாகவே சொன்னான். "அமாவாசையன்னிக்கு பெரிய லைவ். மறுநாள் நவராத்திரி இல்ல? அமாவாசை லைவ்ல யாரு நிக்கறாங்களோ அவங்கதான் தீபாவளி வரைக்கும். நீ எப்பவும்போல அப்பா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வா."

"சரிங்க" என்றாள் ஸ்வர்ணா. போர்வைக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

*

தமிழ்ச்செல்வியின் ஸ்கூட்டி கடைத்தெருவில் பறந்தது. பின்சீட்டில் ஸ்வர்ணா, முதுகை விளக்குமாற்றுக் கட்டையாக வைத்துக்கொண்டு.

மகாளய அமாவாசை. எந்தத் தெருவிலும் தறிச் சத்தம் இல்லை. மதில்களில் காக்கைக்கு வைத்த சோறு. இலைக்கட்டும் எள்ளும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு ஆட்கள் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா சொல்வாரு அண்ணன், ஒன்ன பாத்ததும்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. முழிப்பாரு."

"ஒன்ன அப்டியே தூக்கி சுத்துவாரு பாரு."

"ச்சீ, லைவ்லயா?"

"அது சரி, லைவ் முடிஞ்சப்புறம் சுத்துனா பரவால்லியா?"

ஸ்வர்ணா அவள் தோளில் ஒரு அடி போட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். முதுகு வலிக்கவில்லை.

கடை வாசலில் இறக்கிவிட்டு, "படியில அவசரப்படாத. ஒரு படிக்கு ஒரு மூச்சு" என்று சொல்லிவிட்டு, தமிழ்ச்செல்வி அடுத்த பேட்ச்சுக்குக் கிளம்பிப் போனாள்.

மணி பதினொன்று பத்து. மாடியிலிருந்து ஹேமநாத்தின் குரல் கேட்டது. "வணக்கம்ங்க, வாங்க வாங்க, கோயமுத்தூர் மேடம் வாங்க…"

படியின் அடியில் ஜெயப்ரியா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்தது பச்சைப் பட்டு. ஸ்வர்ணாவைப் பார்த்ததும் பாட்டில் கையிலிருந்து நழுவி உருண்டது.

"அக்கா… நீங்க… நீங்க அப்பா வீட்டுக்குப் போயிருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாரே…"

"போவல." ஸ்வர்ணா மெல்ல ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். "எப்டி இருக்கேன்?"

 ஜெயப்ரியாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. படிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, மேல போவாதீங்க. நான் அண்ணனைக் கூப்பிடறேன். கீழயே இருங்கக்கா."

"ஏன்டி, பயந்துட்டியா?" ஸ்வர்ணாவுக்கு அவள்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் வெறுத்த முகம். கிட்டத்தில் பார்த்தால் சின்னக் குழந்தை. "உன் வேலைய ஒண்ணும் நான் பிடுங்கல. அண்ணன்கிட்ட நானே சொல்றேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நிக்கலாம்."

"அதுக்கில்லக்கா!" ஜெயப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. "உங்க கால்ல வேணா விழறேன். இன்னிக்கு வேணாம். நாளைக்கு வாங்க. நாளைக்கு நானே வேலையை விட்டுடறேன், சத்தியமா. இன்னிக்கு மட்டும் வேணாங்க்கா."

"இன்னிக்கு நிக்கறவங்கதானே தீபாவளி வரைக்கும்?"

ஜெயப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்வர்ணா அந்தப் பிடியை மெதுவாக விலக்கினாள். படியில் கால் வைத்தாள்.

ஒரு படிக்கு ஒரு மூச்சு. ஐந்து. ஆறு. தொடை ஏறியது, முதுகு சும்மா இருந்தது. பத்து. பதினொன்று. இங்கே ஏறத்தானே இத்தனை மாதம். பதினெட்டில் நெற்றி வியர்த்தது. பொட்டு கலைந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். இருபத்தைந்து. இருபத்தாறு.

கதவு பாதி திறந்திருந்தது. ஊதுவத்தி வாசனை வந்தது. அமாவாசை, வியாபார இடம், ஏற்றி வைத்திருப்பான்.

உள்ளே வட்ட விளக்கு கண்ணைப் பறித்தது. விளக்குக்கு நடுவே போன். விளக்குக்குப் பின்னால் ஹேமநாத் தரையில் குனிந்து, பெட்டிக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தான். "ஒரே நிமிஷம்ங்க, ஆனந்தா நீலம் கேட்டீங்க இல்ல, எடுத்துகினு இருக்கேன், லைன்லயே இருங்க…"

அவன் குரல் வழக்கம்போல் இல்லை. கரகரத்து, தாழ்ந்து, துக்கவீட்டில் பேசுகிற குரலாக இருந்தது. ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

தரையில் சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி. அங்கேதான் நிற்க வேண்டும். பழைய வீட்டிலும் அப்படித்தான், சாக்பீஸில் போட்டிருப்பான். பக்கத்து மேஜைமேல் மடித்த புடவைகள். மேலே இருந்த ஒரு மாம்பழ மஞ்சளை எடுத்தாள். சுவரைப் பார்க்காமல், விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். சிவப்புக் குறியில் நின்றாள். இடுப்பு நேர், விலா கீழே, தோள் பின்னால். முந்தானையைப் பிரித்து இடது தோளில் வீசினாள்.

"வணக்கம்ங்க. ஆரணி ஸ்வர்ணா வந்துட்டேன்."

பெட்டிக்குள் துழாவிய கைகள் நின்றன.

ஹேமநாத் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தான். முழிப்பான் என்று சொல்லியிருந்தாளே, அப்படி முழிக்கவில்லை. அவன் முகம் நொறுங்கியது.  நீலப் புடவை கையிலிருந்து சரிந்தது. "ஸ்வர்ணா… இந்தப் பக்கம் வந்துடு…" என்று காற்றாக ஒரு குரல் வந்தது. போனை அணைக்க நீண்ட கை, பாதியிலேயே நின்றுவிட்டது.

அழுகிறான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்தாள்.  கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

போன் திரையில் அவள் தெரிந்தாள். நிமிர்ந்த கழுத்து. ஒட்டிய இடுப்பு. தோளில் மாம்பழ மஞ்சள். பதினைந்து மாதத்துக்கு முன்னால் போன அதே ஸ்வர்ணா. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது.

திரையின் அடியில் எழுத்துகள் வேகமாக ஏறிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் இதயங்களாக மிதக்கும். இப்போது கைகூப்பிய படங்கள்.

'அண்ணா இது யாரு?? எனக்கு கை கால் நடுங்குது'

'அக்காவோட தங்கச்சியா? அச்சு அசல் அக்காவேதான்'

'இன்னிக்கு அக்காவுக்கு படையல் போட்டிருக்கீங்க, அந்த நேரம் பாத்து இவங்க வந்து நிக்கறாங்க, அழுகையா வருது'

'அக்கா போனதிலிருந்து உங்ககிட்ட மட்டும்தான் புடவை எடுக்கறேன் அண்ணா, இனியும் எடுப்பேன்'

ஸ்வர்ணா படித்தாள். புரியவில்லை. மறுபடி படித்தாள். பிறகு திரையிலேயே, தன் தோளுக்கு மேலே, தனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருந்தது. படவேடு கோயில் வாசலில் எடுத்த படம். அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் நின்றவனை வெட்டிவிட்டிருந்தார்கள், சட்டைத் தோள் மட்டும் ஓரத்தில் மிச்சம் இருந்தது. புது ரோஜா மாலை. நெற்றியில் குங்குமம். கீழே சிவப்பு ஜீரோ பல்பு. அதற்கும் கீழே வாழையிலையில் வடையும் அதிரசமும், ஒரு சொம்பு தண்ணீரும்.

படத்தின் அடியில் தங்க எழுத்தில் இரண்டு வரி. தோற்றம் என்று போட்டு அவள் பிறந்த தேதி. மறைவு என்று போட்டு, களம்பூர் சாலையில் அவள் வண்டி சறுக்கிய தேதி.